ராத்திரிக்கு என்ன பண்றது? எங்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விங்களும் என் பதிலும்

நான் கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பார்க்கறேன், ஆபீஸ் முடிஞ்சு பஸ் புடிச்சு வீடு சேர்றதுக்கு ஆறே முக்கால் ஆயிடும். வீட்டுல அஞ்சு பேரு, நான், வீட்டுக்காரர், ஒம்பதாவது படிக்கற பொண்ணு, நாலாவது படிக்கற பையன், சுகர் இருக்கற மாமனார். மதியம் டப்பா தொறக்கறப்ப, சாயங்காலம் மொட்டை மாடில துணி எடுக்கறப்ப, எங்க பார்த்தாலும் "நேத்து ராத்திரி என்னங்க்கா பண்ணுனீங்க"ங்கறதுதான் பேச்சு. ஆளாளுக்கு அவங்க பண்ணத சொல்லுவாங்க, நான் பண்ணத கேப்பாங்க, கேட்ட கேள்வியே திரும்பத் திரும்ப வர்றதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். நான் பெரிய சமையல்காரி எல்லாம் இல்லீங்க, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஒழுங்கா அடுப்பு பத்த வெக்கற ஆளு, அவ்வளவுதான்.

தினமும் என்ன செய்யறதுன்னு எப்பக்கா முடிவு பண்ணுவீங்க?

காலைல. காபி போடறப்ப. இது ஒண்ணு மட்டும் மாத்துனேன், பாதி தலைவலி போயிருச்சு. முன்னெல்லாம் ராத்திரி ஏழு மணிக்கு ஃபிரிட்ஜ் கதவ தொறந்து வெச்சுட்டு அப்படியே நிப்பேன், உள்ள இருக்கற குளிரெல்லாம் வெளிய போகும், மூளைல ஒண்ணும் வராது, கடைசில தோசைதான் ஊத்துவேன், அதுவும் எரிச்சலோட. தோசை ஊத்த இருவது நிமிசம்னா என்ன பண்றதுன்னு யோசிக்கவே அரை மணி நேரம் போயிருக்கும். இப்ப காலைல பால் காயற நேரத்துல மாவு எவ்வளவு இருக்கு, எந்தக் காய் வாடப் போகுது, ஊறப் போடணுமான்னு மூணு மட்டும் பார்த்துருவேன். ராத்திரி வந்து யோசிக்கற வேலையே இல்ல, கை மட்டும் ஓடும்.

அட்டவணை மாதிரி ஏதாவது வெச்சிருக்கீங்களா?

எழுதி ஒட்டல, ஆனா மாவுதான் அட்டவணைங்க. ஞாயித்துக்கிழமை ஆட்டுனா திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன்கிழமை மாவுக்கு லீவு விட்டுட்டு அரிசிம்பருப்பு சாதம், வியாழன் சப்பாத்தியோ கோதுமை ரவை உப்புமாவோ, வெள்ளிக்கிழமை மிச்சம் கெடக்கற புளிச்ச மாவுல வெங்காயம், பச்சமிளகாய், கொஞ்சம் கடலப்பருப்பு தாளிச்சுக் கொட்டி குழிப்பணியாரம். புளிச்ச மாவு தோசைக்கு ஆகாதுன்னு தூக்கி எறியறவங்கள பார்த்தா எனக்கு வயிறு எரியும், பணியாரத்துக்கு அந்தப் புளிப்புதான் வேணும்.

மாவு அளவு சொல்லுங்க. எனக்கு ஒரு நாள் பொங்குது, ஒரு நாள் அப்படியே கெடக்குது.

இட்லி அரிசி நாலு டம்ளர், உருட்டு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன். கிரைண்டர்ல உளுந்த தனியா அரை மணி நேரம், தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சு தெளிச்சு. ஒரு சொட்டு எடுத்து தண்ணி கிண்ணத்துல போட்டா மெதக்கணும், முழுகுனா இன்னும் ஓடட்டும். அரிசிய ரொம்ப நைஸா அரைக்காதீங்க, விரல்ல லேசா ரவை மாதிரி தட்டணும்.

பொங்கறதும் பொங்காததும் உங்க கைராசில இல்லீங்க, சூட்டுல இருக்கு. அரிசிலயும் உளுந்துலயும் ஏற்கனவே இருக்கற நுண்ணுயிருங்கதான் மாவப் புளிக்க வெக்குது, அதுங்களுக்கு வெதுவெதுப்பு வேணும். சித்திரை வைகாசில ஆறேழு மணி நேரத்துல பாத்திரத்த விட்டு வழிஞ்சு தரையெல்லாம் ஆகும். எங்க ஊர்ல ஆனி ஆடில பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து அடிச்சு ஊரே ஜில்லுனு கெடக்கும், மார்கழிய கேக்கவே வேண்டாம், அப்பல்லாம் 12 மணி நேரம் ஆனாலும் ஆகும். அந்த மாசங்கள்ல நான் மாவுப் பாத்திரத்த அணைச்சு வெச்ச அடுப்புக்குப் பக்கத்துல, ஒரு பழைய துண்டச் சுத்தி வெப்பேன்.

பொங்குனதும் ரெண்டா பிரிச்சு ஒண்ண உடனே ஃபிரிட்ஜுக்குள்ள தள்ளிருங்க. மொத்தத்தையும் தினமும் வெளிய எடுத்து உள்ள வெச்சு எடுத்து உள்ள வெச்சுன்னு பண்ணுனா புதன்கிழமைக்கே மூக்கப் புடிக்கற அளவுக்குப் புளிச்சிரும்.

கிரைண்டர்னு சொன்னதும் ஒண்ணு, நாம வீட்டுல கரண்ட்ல ஓட்டற இந்த வெட் கிரைண்டரே நம்மூர் சரக்குதானுங்க, 1955ல கோயம்புத்தூர்ல சபாபதின்னு ஒருத்தர் பண்ணது, அப்புறம் இதுக்குப் புவிசார் குறியீடே கெடச்சிருச்சு. வெளியூர்ல இருந்து கல்யாணமாகி வந்த ஓரகத்திகிட்ட இத சொல்லி நான் பெருமை அடிச்சுக்கறது உண்டு. அவ மிக்ஸிலதான் அரைக்கறா. மிக்ஸின்னா சூடேறும், அதனால ஐஸ் தண்ணி ஊத்தி விட்டு விட்டு அரைக்கச் சொன்னேன், இப்ப அவளுக்கும் இட்லி நல்லாத்தான் வருது, அத நான் அவகிட்ட ஒத்துக்கல.

கடை மாவு வாங்கலாமா?

வாங்கலாம். நானே மாசத்துக்கு ரெண்டு தடவ வாங்கறேன். வாங்குன அன்னிக்கே தோசைதான், இட்லிக்கு அடுத்த நாள். பாக்கெட் உப்பிப் போய் இருந்தா வேண்டாம். இதுக்கெல்லாம் குத்த உணர்ச்சி படறதா இருந்தா வேலைக்குப் போற பொம்பளைங்க தினமும் பட்டுக்கிட்டே இருக்கணும்.

நீங்க சொல்ற அரிசிம்பருப்பு சாதம் சாம்பார் சாதமா? எப்படிப் பண்றது?

அய்யோ, சாம்பார் சாதம் இல்லீங்க! புளி கிடையாது, காய் கிடையாது, பருப்ப தனியா வேக வெக்கற வேலை கிடையாது. கொங்குப் பக்கம் எந்த வீட்டுலயும் ராத்திரி அவசரத்துக்கு இதுதான், கல்யாணம் ஆகாத பசங்களுக்குக்கூட கண்ண மூடிட்டுப் பண்ணத் தெரியும். வெளியூர்க்காரங்களுக்கு மட்டும் சொல்லிப் புரிய வெக்கணும்.

அஞ்சு பேருக்கு ரெண்டு டம்ளர் பொன்னி அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு. வீட்டுக்குள்ள கால் வெச்சதும் செருப்பக் கழட்டிட்டு மொதல்ல இத ரெண்டையும் ஒண்ணா கழுவி ஊற வெச்சிருவேன், மூஞ்சி கழுவி நைட்டி மாத்தி பையன் நோட்ட பார்த்துட்டு வர்றதுக்குள்ள இருவது நிமிசம் ஊறியிருக்கும். சின்ன வெங்காயம் ஒரு பதினஞ்சு உரிக்கணும். இதுல மட்டும் சமாதானம் கிடையாது, பெரிய வெங்காயம் போட்டா அது வேற சாதம். வெங்காயத்த அஞ்சு நிமிசம் தண்ணில போட்டு வெச்சா தோல் சுளுவா வரும், உரிக்கற வேலை மாமனாருது, டிவி பார்த்துக்கிட்டே உரிச்சுருவாரு. பூண்டு பத்துப் பல்லு, ஒரு தக்காளி, தேங்காய் கீத்து கொஞ்சம் பொடிப்பொடியா.

குக்கர்ல கடலெண்ணெய் தாராளமா ஊத்தி கடுகு, சீரகம், கொஞ்சம் மிளகு, வரமிளகாய் நாலு கிள்ளிப் போட்டு, கறிவேப்பிலை, அப்புறம் வெங்காயம் பூண்டு. வெங்காயம் ஓரம் செவக்கற வரைக்கும் பொறுமையா வதக்கணும், வாசம் வர்றதெல்லாம் இங்கதான். தக்காளி, மஞ்சத்தூள், ஒன்றரை ஸ்பூன் சாம்பார் பொடி, தேங்காய். ஏழு டம்ளர் தண்ணி ஊத்தி உப்புப் போட்டு, தண்ணிய ஒரு சொட்டு நாக்குல விட்டுப் பாருங்க, உப்பு ஒரு இழை தூக்கலா இருக்கணும், அரிசி போட்டா சரியாயிரும். கொதி வந்ததும் அரிசி பருப்ப வடிச்சுப் போட்டு, மூடி, மூணு விசில். பிரஷர் தானா எறங்கணும், கரண்டிய வெச்சு வெயிட்ட தூக்கி அவசரப்படுத்துனா மேல தண்ணியா கீழ கட்டியா நிக்கும்.

தொறந்ததும் ஒரு கரண்டி நெய் விட்டுக் கிளறுனா குழைஞ்சும் குழையாம, தட்டுல போட்டா மெதுவா பரவணும். தொட்டுக்க அப்பளம், இல்லாட்டி கெட்டித் தயிர். எங்க வீட்டுக்காரர் மேல பச்ச கடலெண்ணெய் ஒரு ஸ்பூன் ஊத்திக்குவாரு, அது அவங்க வீட்டுப் பழக்கம், கல்யாணமான புதுசுல எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, இப்ப நானும் ஊத்திக்கறேன்.

எத்தன விசில் விட்டாலும் எனக்குப் பருப்பு வேகவே மாட்டேங்குது. ஏன்?

நானும் இதுல ஒரு வருசம் அவஸ்தப்பட்டேன். முன்னாடி இருந்த வாடகை வீட்டுல சிறுவாணித் தண்ணி வந்துச்சு. அணை இருக்கறது கேரளா பக்கம், குடிக்கறது நாங்க, அந்தத் தண்ணி ருசியப் பத்திப் பேச ஆரம்பிச்சா கோயம்புத்தூர்க்காரங்க நிறுத்த மாட்டோம். அதுல மூணு விசில்ல பருப்பு வெண்ணெய். இப்ப இருக்கற வீட்டுல சமையலுக்கும் போர் தண்ணி. குடி வந்த மொத வாரம் அஞ்சு விசில், ஏழு விசில், பருப்பு கல்லு மாதிரி நறநறங்குது. கடைக்காரர்கிட்ட பழைய பருப்ப தள்ளிட்டீங்கன்னு சண்டையே போட்டேன், பாவம் அந்த மனுசன்.

விசயம் தண்ணில. போர்ல வர்ற உப்புத் தண்ணில கால்சியம், மக்னீசியம் எல்லாம் சாஸ்தி, அது பருப்புக்குள்ள இருக்கற பெக்டின்ங்கற பசையப் புடிச்சு இறுக்கிரும், வெளிய இளகவே விடாது. பருப்புக்கு மட்டும் ஃபில்டர் தண்ணி ஊத்திப் பாருங்க, அன்னிக்கே வித்தியாசம் தெரியும். அரை மணி நேரம் ஊற வெச்சாலும் நல்லது, கேஸும் மிச்சம். புளியோ தக்காளியோ வேகறதுக்கு முன்னாடி நெறய போட்டீங்கன்னாலும் இதே கதைதான், புளிப்பு பருப்ப வேக விடாது. அரிசிம்பருப்புல ஒரு தக்காளிக்கு மேல போடாததுக்கு அதுவும் ஒரு காரணம். இவ்வளவு பண்ணியும் வேகலன்னா அப்பத்தான் பருப்பு பழசு, வருசக்கணக்கா மூட்டைல கெடந்த பருப்புக்கு மருந்து கிடையாது.

சோடா உப்பு ஒரு சிட்டிகை போடுன்னு சிலர் சொல்லுவாங்க. வேகும்தான், ஆனா ருசி சோப்புப் பக்கம் போயிரும், சத்தும் போகும்ங்கறாங்க, நான் போடறதில்ல.

உங்களுக்குத் தப்பே ஆகாதா?

ஆகாதா! போன மாசம் ஒரு நாள் இட்லி ஊத்தி வெச்சுட்டு ஆபீஸ் போன் ஒண்ணு வந்துச்சு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் விசயமா, பால்கனில நின்னு இருவது நிமிசம் பேசிட்டேன். உள்ள வந்தா ஒரு மாதிரி கருகல் வாசம், பார்த்தா பாத்திரத்துல தண்ணியே ஊத்தல. இட்லித் துணி ஓரம் பழுப்பேறி, அடித்தட்டு இட்லி ஓடு மாதிரி, அடி நீலமும் கருப்புமா மின்னுது. பையன் மட்டும் "சூப்பரா இருக்கும்மா, ரஸ்க் மாதிரி"ன்னு ரெண்டு தின்னான்.

எங்க அம்மிச்சி, அதாவது அம்மாவப் பெத்தவங்க, இட்லிக் கொப்பரைல தண்ணி ஊத்துனதும் ஒரு பழைய காசப் போடுவாங்க. தண்ணி கொதிக்கறப்ப அது டகடகடகன்னு ஆடிக்கிட்டே இருக்கும், சத்தம் நின்னா தண்ணி வத்திருச்சுன்னு அர்த்தம், வேற ரூம்ல இருந்தாலும் காதுல விழும். நான் இதெல்லாம் பழசுன்னு நெனச்சுட்டு இருந்தேன். அடுத்த தடவ இட்லி ஊத்தறப்பவே ஒரு அஞ்சு ரூபா காச நல்லா தேய்ச்சு கழுவி உள்ள போட்டாச்சு. தண்ணியே ஊத்தலன்னா சத்தமே வராதுல்ல, அப்பவே தெரிஞ்சிருக்கும்.

உப்புமான்னா வீட்டுல எல்லாரும் மூஞ்சத் திருப்பறாங்க.

திருப்பறது உப்புமா மேல இல்லீங்க, நேத்து கட்டுன செவுரு மாதிரி தட்டுல நிக்கற உப்புமா மேல. ரவைய நல்லா வாசம் வர வறுங்க, ஒரு டம்ளருக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி, தண்ணி நல்லா தளதளன்னு கொதிக்கறப்ப அடுப்ப சிம்ல வெச்சுட்டு ஒரு கைல தூவி ஒரு கைல கிளறுங்க, கட்டி தட்டாது. எறக்கறப்ப ஒரு ஸ்பூன் நெய், அரை மூடி எலுமிச்சை. சுடச்சுட அஞ்சு நிமிசத்துக்குள்ள சாப்பிடணும், ஆறுன உப்புமாவுக்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன்.

கோதுமை ரவைன்னா ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி, கேரட் பீன்ஸ் பட்டாணி போட்டு குக்கர்ல ரெண்டு விசில். இதுக்கு "கிச்சடி"ன்னு பேர் வெச்சுப் பரிமாறுங்க, பாதிப் பிரச்சின தீந்துரும். எங்க வீட்டுல நாலு வருசமா கிச்சடிதான், யாருக்கும் சந்தேகம் வரல.

அஞ்சு நிமிசத்துல சட்னி? தேங்காயும் இல்ல.

வறுத்த வேர்க்கடலை ஒரு கை, வரமிளகாய் மூணு, பூண்டு ரெண்டு பல்லு, நெல்லிக்காய் அளவு இல்லாம கொட்டப்பாக்கு அளவு புளி, உப்பு, அவ்வளவுதான், அரைச்சுத் தாளிச்சுருங்க. இல்லாட்டி பொட்டுக்கடலை, பச்சமிளகாய், பூண்டு போட்டு நைஸா அரைச்சு தாளிப்புல நெறய தண்ணி விட்டு மதுரைப் பக்கம் மாதிரி தண்ணிச் சட்னி. இட்லி முழுகற மாதிரி ஊத்திக்கணும், அதுல இட்லி தொட்டுச் சாப்பிடறது பாவம்.

இதுவும் முடியலையா, இட்லிப்பொடி. எள்ளு போட்டு வறுத்து அரைச்ச பொடி ஒரு டப்பா வீட்டுல இருந்தா மாசம் பூரா தைரியமா இருக்கலாம்.

மதியச் சாதம் மிச்சமாச்சுன்னா ராத்திரி சாப்பிடலாமா?

எங்க வெச்சிருந்தீங்கங்கறதுதான் கேள்வி. வடிச்ச சாதத்துலயும் பேசில்லஸ் செரியஸ்னு ஒரு பாக்டீரியாவோட விதை மாதிரி ஒண்ணு சாகாம இருக்கும், கொதிச்சாலும் தாங்கும். சாதம் மணிக்கணக்கா வெளிய வெதுவெதுப்பா கெடந்தா அது பெருகி விசத்த விட்டு வெக்கும், அப்புறம் நீங்க எவ்வளவு சூடு பண்ணாலும் அந்த விசம் போகாது. அதனால மதியம் சாப்பிட்டு முடிச்சதுமே, ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்குள்ள, அகலமான டப்பால பரப்பி ஆற வெச்சு ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சிருங்க. பெரிய குண்டான்ல அப்படியே உள்ள வெச்சா நடுவுல ஆற ராத்திரி ஆயிடும்.

அப்படி வெச்ச சாதம்னா ராத்திரி எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், புளிக்காய்ச்சல் இருந்தா அது. பகல் பூரா மேடைலயே மூடிக் கெடந்ததுன்னா நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன், அதுவும் பங்குனி வெயில்ல. அப்ப பழைய சோறு மட்டும் எப்படின்னு கேப்பீங்க, அது தண்ணி ஊத்திப் புளிக்க வெக்கறது, அந்தப் புளிப்பே மத்ததுங்கள அண்ட விடாது. அதையும் எங்க வீட்டுல ராத்திரி ஊத்தி காலைலயே குடிச்சு முடிச்சிருவோம், மறுநாளைக்கெல்லாம் இழுக்கறதில்ல.

மாமனாருக்கு சுகர்னு சொன்னீங்க, அவருக்குத் தனியா பண்றீங்களா? ராகி குடுக்கலாமா?

தனியா எல்லாம் பண்றதில்ல, பண்ணா அவருக்கே கோவம் வரும், "நான் என்ன ஆஸ்பத்திரில இருக்கறனா"ம்பாரு. ராகி நல்லதுதான், 100 கிராம்ல 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, அரிசி பக்கத்துலயே வர முடியாது. ஆனா ராகின்னா சுகர் ஏறாதுன்னு ஒரு நெனப்பு ஊர் பூரா இருக்கு பாருங்க, அது தப்பு. மாவுச்சத்துன்னு பார்த்தா ராகில 100 கிராமுக்கு 70 கிராம் பக்கம், அரிசில 78 பக்கம், பெரிய தூரம் ஒண்ணும் இல்ல. கூழா கரைச்சு ரெண்டு சொம்பு குடிச்சா ஏறத்தான் ஏறும். எங்க பக்கத்து வீட்டு அய்யா ஒருத்தர் ராகிதானேன்னு களி ரெண்டு உருண்டை போட்டுட்டு மீட்டர்ல பார்த்து ஆடிப் போயிட்டாரு.

நாங்க பண்றது அளவுதான். எங்களுக்கு நாலு தோசைன்னா அவருக்கு ரெண்டு, கூட ஒரு பெரிய கிண்ணம் காயோ சுண்டலோ, இல்லாட்டி பச்சப்பயிறு கடைஞ்சது. ஏழரை மணிக்கெல்லாம் அவரு சாப்பிட்டு முடிச்சு வாசல்ல பத்து நடை நடப்பாரு. மாத்திரை, ஊசி விசயமெல்லாம் டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க, நான் சட்னி வரைக்கும்தான்.

பசங்க நூடுல்ஸ் கேட்டு அழுவாங்களே?

வாரத்துல ஒரு நாள் குடுத்துருவேன். முட்டை ஒடச்சு ஊத்தி, கேரட் துருவி. மத்த நாள்ல அழுதா அழட்டும். ஆனா ஒண்ணு, எங்க பொண்ணு போன வருசத்துல இருந்து வியாழக்கிழமை சப்பாத்தி அவளே தேய்க்கறா, மொதல்ல இலங்கை மேப் மாதிரி வந்துச்சு, இப்ப ஓரளவு வட்டமா வருது. அவளே தேய்ச்சதால குறை சொல்லாம திங்கறா. மாவு மட்டும் நான் காலைலயே வெதுவெதுப்பான தண்ணில பெசஞ்சு, மேல எண்ணெய் தடவி டப்பால போட்டு ஃபிரிட்ஜுல வெச்சிருவேன். சாயங்காலம் வந்ததும் வெளிய எடுத்து வெச்சா அரை மணி நேரத்துல எளகிரும்.

அடைக்கு காலைல ஊறப் போட்டா சாயங்காலம் நாத்தம் வருது.

வெயில் காலத்துல பத்து மணி நேரம் வெளிய ஊறுனா வரத்தான் செய்யும். ஊறப் போட்ட பாத்திரத்தோட அப்படியே ஃபிரிட்ஜுல வெச்சுட்டுப் போங்க, அவ்வளவுதான். ரெண்டு டம்ளர் இட்லி அரிசி, அரை அரை டம்ளர் துவரம்பருப்பு கடலப்பருப்பு, ஒரு கை உளுந்து, வரமிளகாய் ஆறு, பெருங்காயம், கொரகொரன்னு அரைச்சு உடனே ஊத்தலாம், புளிக்க வேண்டியதில்ல. முருங்கக்கீரை கெடச்சா உருவிப் போடுங்க. நடுவுல ஒரு ஓட்டை போட்டு எண்ணெய் விட மறக்காதீங்க. தொட்டுக்க வெல்லம், எங்க மாமனாருக்கு மட்டும் அத கண்ணுல காட்டறதில்ல.

முருங்கக்கீரையா? ராத்திரி கீரை, தயிர் எல்லாம் சாப்பிடக் கூடாதும்பாங்களே?

எங்க அம்மிச்சியும் சொல்லுவாங்க. ராத்திரி கீரை, தயிர், இஞ்சி, நெல்லிக்காய் கூடாது. அப்ப ஃபிரிட்ஜ் கிடையாது, காலைல பறிச்ச கீரை ராத்திரிக்குள்ள அழுகும், தயிர் நுரை தள்ளும், மங்கலான வெளக்கு வெளிச்சத்துல கீரைல புழு இருந்தாலும் தெரியாது. இதெல்லாம் காரணமா இருந்திருக்கும்னு நான் நெனைக்கறேன். சிலருக்கு ராத்திரி கீரை சாப்பிட்டா வயிறு உப்புசமா இருக்கும், அவங்க விட்டுருங்க. எங்க வீட்டுல அடைல போட்டுத்தான் சாப்பிடறோம், எல்லாரும் நல்லாத்தான் தூங்கறோம். தயிர் இல்லாம எங்க பையன் சாப்பாட்ட விட்டு எந்திரிக்கவே மாட்டான்.

ராத்திரி எட்டரைக்கு சொந்தக்காரங்க வந்து நின்னா?

மொதல்ல ஒரு காபி குடுத்து உக்கார வெச்சுட்டு உள்ள போய் ஒரு நிமிசம் திட்டிக்கணும். அப்புறம் தக்காளிக் குருமா. தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, ரெண்டு பச்சமிளகாய் அரைச்சு, நாலு தக்காளி ரெண்டு வெங்காயம் வதக்கி, பட்டை கிராம்பு தாளிச்சு, தண்ணி நெறய ஊத்தி ஒரு விசில். பதினஞ்சு நிமிசம்தான், ஆனா விருந்து மாதிரி வாசம் தெருவரைக்கும் போகும். இட்லியோ தோசையோ அதுக்குத் தோதா. மாவு கம்மியா இருந்தா ரெண்டு கை ரவையும் அரிசி மாவும் கலந்து வெங்காயத் தோசையா ஊத்திருங்க, யாரும் எண்ண மாட்டாங்க. "உங்க ஊருக்கு வந்துட்டு சந்தகை இல்லையா"ன்னு ஒரு அத்தை கேட்டாங்க ஒரு தடவ. சந்தகைன்னா இடியாப்பம் மாதிரி ஒண்ணு. அரிசி ஊற வெச்சு ஆட்டி, இட்லியா ஊத்தி வேக வெச்சு, சூடு ஆறாம சந்தகை அச்சுல போட்டு ரெண்டு ஆளு பிழியணும், அதெல்லாம் ஞாயித்துக்கிழமை வந்தா தேங்காப்பாலோட உண்டுங்கன்னு சொல்லிட்டேன். வந்தாங்க.

நான் ரூம்ல தனியா இருக்கறேன், ஒரு இண்டக்சன் அடுப்பு மட்டும்தான். எனக்கு?

மூணு லிட்டர் குக்கர் ஒண்ணு வாங்கிக்க தம்பி, அடி இண்டக்சனுக்கு ஆகுமான்னு காந்தத்த ஒட்ட வெச்சுப் பார்த்து வாங்கு, ஒட்டலன்னா சூடே ஏறாது. மேல சொன்ன அரிசிம்பருப்புல மூணுல ஒரு பங்கு, ஒரு பாத்திரத்துல முடிஞ்சிரும். இன்னொரு நாள் வெங்காயம் தக்காளி தொக்கா வதக்கி மேல ரெண்டு முட்டைய ஒடச்சு ஊத்தி மூடி வெய்யி, கடைல நாலு சப்பாத்தி மட்டும் வாங்கிக்க. ஞாயித்துக்கிழமை தக்காளித் தொக்கு ஒரு பாட்டில் பண்ணி வெச்சுட்டா வாரம் பூரா ஓடும், ஈரக் கரண்டி மட்டும் உள்ள விடாத.

வெளிய ஆர்டர் பண்ணவே மாட்டீங்களா?

மாசக் கடைசில ஆபீஸ்ல கணக்கு முடிக்கற ரெண்டு நாளும் பரோட்டாதான். சால்னா ரெண்டு பாக்கெட் சேர்த்துக் கேட்டு வாங்கிக்குவோம்.

சமைச்சு முடிச்சு பாத்திரமும் நீங்கதானா?

இல்லீங்க. சமைச்சவங்க கழுவக் கூடாது, இது எங்க வீட்டுச் சட்டம், கல்யாணமான மூணாவது வருசம் ஒரு பெரிய சண்டைக்கு அப்புறம் வந்தது. வீட்டுக்காரர் ஒம்பது மணிக்கு இளையராஜா பாட்டப் போட்டுட்டு சிங்க்ல நிப்பாரு, பையன் தொடைச்சு அடுக்குவான். அடிப்பிடிச்சது எதுவா இருந்தாலும் ராத்திரியே புளித்தண்ணி ஊத்தி கொதிக்க வெச்சு ஊற விட்டுட்டா காலைல சுரண்டாமயே வந்துரும். அந்த இட்லிப் பாத்திரம் மட்டும் மூணு நாளா மேடைலயே கெடந்துச்சு, யாரும் தொடல. தப்பு பண்ணவங்கதான் கழுவணுமாம், இது அவரு போட்ட புதுச் சட்டம். சனிக்கிழமை நானே உக்காந்து தேய்ச்சேன், நீலம் போயிருச்சு, கருப்பு இன்னும் கொஞ்சம் இருக்கு.